வண்டி மாற்றிய வருஷம்

உங்கள் ஸ்கூல் வேனுக்கு முன்னால் நிற்கிறதே நீல வண்டி, அது என்னுடையதுதான் தம்பி. ரத்ததான வண்டி இல்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஓர் ஊரில் ஒரு பையன் ஏறி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன். அது வீடு. நான் குடியிருக்கிற வீடு.

அவசரம் இல்லையென்றால் இப்படி நிழலில் நில்லுங்கள். இன்ஸ்பெக்டர் இன்னும் லாரி வரிசையையே முடிக்கவில்லை. எஃப்.சி.க்கு வந்தால் அரை நாள் போகத்தான் செய்யும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டுமென்றால், அவர் பார்க்கத்தானே வேண்டும். என் பழைய வண்டி பத்தொன்பது தடவை இந்த மாதிரி மைதானத்தில் நின்றது. ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியது இல்லை.

அதோ அந்த மஞ்சள் டெம்போவைப் பாருங்கள். நாலு டயரும் வாடகை. வெளியே டீக்கடை ஓரத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறான். காட்டிவிட்டுப் போய்க் கழற்றிக் கொடுத்துவிடுவான். நான் குறை சொல்லவில்லை. நிறையப் பேர் செய்கிறதுதான். நான் ஒருநாளும் செய்தது இல்லை. என் வண்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டுவேன். பாஸ் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். என் மனைவி பவளக்கொடி இதைப் பற்றி ஒன்று சொல்லுவாள். வேண்டாம், முறையாகச் சொல்கிறேன். நடுவில் ஆரம்பித்தால் எனக்குக் கணக்கு விட்டுப்போகும்.

எங்கள் தொழில் பலூன் சுடுகிற கடை. பொருட்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன் கட்டியிருக்கும், ஏர் கன்னால் சுட வேண்டும். பவளம் பலூன் ஊதுவாள். நான் துப்பாக்கிக்குக் குண்டு போட்டுக் கொடுப்பேன். மகள் வினோதினி, வினோ, ஆளை வரிசையில் நிறுத்திக் காசு வாங்குவாள். மதுரையில் சித்திரை, சேலத்தில் ஆடி, அப்புறம் அங்கே இங்கே என்று வருஷம் முழுவதும் மைதானம் மைதானமாகப் போய்க்கொண்டிருப்போம். வீடு பிடித்தால் பூட்டித்தான் கிடக்கும். முதலில் லாரியில் தொற்றிக்கொண்டு போனோம். வினோவுக்கு மூன்று வயதானபோது ஒரு மினி பஸ் வாங்கினேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு கட்டில், அதற்கு மேலே பிள்ளைக்கு ஒரு பரண் கட்டில், முன்னால் அடுப்பு, கடைச் சாமான்களுக்குக் கீழே பெட்டி. எல்லாம் என் கையால் செய்தது.

இந்த மாதிரி வண்டியில் குடியிருக்கிறவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் தம்பி. எப்போது மாற்றுவது? சீக்கிரம் மாற்றினால் வீண். தாமதித்தால் நடுரோட்டில் நிற்க வேண்டும், குடும்பத்தோடு. வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. வீடு நடுரோட்டில் நிற்பதில்லை. நான் அதற்கு ஒரு விதி வைத்திருந்தேன். எஃப்.சி. பாஸ் ஆகிற வரைக்கும் அது நல்ல வண்டி. என்றைக்கு இன்ஸ்பெக்டர் முடியாது என்கிறாரோ அன்றைக்கு மாற்றுவது. என் விருப்பம் அவள் விருப்பம் என்று பார்த்தால் முடிவே வராது. மூன்றாவது மனிதர் சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மைதானத்திலிருந்து நான் திரும்பும்போது பவளம் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே கேட்பாள்.

"இந்த வருசமும் பாஸா?"

"பாஸ்."

"ம்."

அவ்வளவுதான். சந்தோஷம்தான். அவளுக்கு அதிகம் பேசித் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

ஒரு ஐப்பசியில் மட்டும் கொஞ்சம் பேசினாள். கரூரில் மூன்று நாள் விடாத மழை. கூரைத் தகரத்தில் எங்கேயோ விட்டுப்போய், வினோவின் பரண் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை நடுவில் ஒரு குண்டானை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வளைந்து படுத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பவளம் என்னிடம் சொன்னாள்:

"உங்க இன்ஸ்பெக்டரு டயரை உதைச்சுப் பாக்குறாரு. லைட்டப் போட்டுப் பாக்குறாரு. ஆரன் அடிச்சுப் பாக்குறாரு. உள்ள ஏறி ஒரு ராத்திரி படுத்துப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் போடட்டும் பாஸு."

நான் சிரித்தேன். நல்ல பேச்சு இல்லையா? இதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் நான் கூரை மேல் ஏறி, மூன்றாவது சட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்து, தார் பூசி, தகரம் வைத்து ரிவெட் அடித்தேன். அடுத்த மழையில் ஒரு சாண் தள்ளி ஒழுகியது. ஆனால் நான் அடைத்த இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒன்று மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ஆணி அடிக்கக் கூடாது. தகரத்தில் ஆணி அடித்தால் அந்த ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும், துரு பரவும். காலண்டர் என்றாலும் சாமி படம் என்றாலும் பிசின் தாளில்தான் ஒட்ட வேண்டும். வெயில் காலத்தில் பிசின் இளகிச் சாமி படம் அரிசிப் பானையில் விழும். எடுத்துத் துடைத்துத் திரும்ப ஒட்டுவாள்.

வினோவுக்கு இருபத்தொன்று முடிந்ததும் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். நல்ல குடும்பம். பெண்ணை வீட்டில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது நாங்கள் திண்டுக்கல்லில் கடை போட்டிருந்தோம். பவளத்தின் அண்ணன் கூத்தையன் வடமதுரையில் இருக்கிறார். ஓட்டு வீடு, ஆனால் முன்னால் திண்ணையும் உண்டு, பின்னால் கிணறும் உண்டு. அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"மாப்ளே, எங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம். உங்க வீடுன்னே சொல்லிக்குவோம். ரெண்டு மணி நேரந்தான? நானும் உங்க அத்தாச்சியும் கோயிலுக்குப் போனாப்புல வெளிய போயிருறோம்."

"வாடகை டயரா மச்சான்?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பவளத்துக்குப் புரிந்தது. "பொண்ணு கல்யாணத்துல போயி டயரப் பேசுறீங்களே" என்றாள்.

"டயருன்னாலும் பொண்ணுன்னாலும், இருக்குறதத்தான காட்டணும்?"

"இருக்குறதக் காட்டுங்க மாப்ளே, வேணாங்கல" என்றார் மச்சான். "கொஞ்சம் நின்னு காட்டுங்க. ஓடிக்கிட்டே காட்டாதீங்க."

என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். காலையில் பொருட்காட்சி மைதானத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், காகிதக் குப்பையும் நாய்களும்தான். நான் முதல் நாளே வண்டியை உள்ளும் புறமும் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் துணி மாட்டி, ஏறுகிற படிக்குச் சாயம் அடித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முதலில் ஏறினார். ஏறும்போது நிலையில் நெற்றி இடித்துவிட்டது. நல்ல இடி. பழைய மினி பஸ் இல்லையா, வாசல் தாழ்வு. எங்களுக்குக் குனிந்து குனிந்து பழகிவிட்டது, சொல்லத் தோன்றவில்லை.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "வீடு எங்கிட்டு இருக்குங்க?" என்றார்.

"இதுதாங்க வீடு" என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் தன் செருப்பைப் பார்த்தார். இவர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நியாயம்தான், பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் எதுவும் சந்தேகம் வைக்கக் கூடாது. நான் எழுந்துபோய் எஃப்.சி. சான்றை எடுத்து வந்து அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். "போன மாசந்தாங்க ஆச்சு. பிரேக்கு, ஸ்டியரிங்கு, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கு, பாருங்க."

அந்த அம்மாள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது யாருக்குங்க? வண்டிக்கா, பொண்ணுக்கா?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கலகலப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. தலைதீபாவளிக்கு எம் மகன் எந்த ஊருக்கு வரணும்?"

"தீபாவளிக்குப் பெரும்பாலும் கரூர்ல இருப்போங்க. மழை பெஞ்சா மணப்பாறை."

"தலைப்பிரசவத்துக்கு?"

"அது எந்த மாசம்னு தெரிஞ்சா சொல்லிரலாங்க" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன். மாதம் தெரிந்தால் நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்று என்னால் மைதானத்தின் பெயரோடு சொல்ல முடியும். வினோ காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. அந்த இடத்தில் கூரை தாழ்வு, நிமிர முடியாது.

போய் யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கினார்கள். இறங்கும்போது அந்த அம்மாள் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசல். வாசல் உயரம்தான் காரியத்தைக் கெடுத்தது.

பதில் வரவே இல்லை. மச்சான்தான் போய்க் கேட்டுவிட்டு வந்து, வேண்டாமாம் என்றார். பவளம் வண்டிக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். வினோ அழவில்லை. பலகையில் முதல் நாள் சுட்டுக் கிழிந்த பலூன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, இனிமே யாரையும் இங்க வரச் சொல்லாதீங்கப்பா."

"சரிம்மா" என்றேன்.

இங்கே என்றால் இந்த வண்டிக்குத்தானே. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எஃப்.சி. முடிய இன்னும் நிறைய மாதம் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் மாற்றினேன். என் ஆயுசில் நான் வைத்த விதியை நானே மீறியது அந்த ஒரு தடவைதான் தம்பி. பிள்ளைக்காக.

பழையதைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச காலமே ஓடிய ஒரு லாரியின் சேசிஸை வாங்கினேன். அதன் மேல் பாடி கட்டுவதற்குக் கரூர் போனேன். ஷாகுல் மேஸ்திரி என்று ஒருவர், பஸ்ஸுக்கெல்லாம் பாடி கட்டுகிறவர். மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரைக்கும் இவர்கள் எங்கே இருப்பது? எங்களோடு முன்பு பொரிக் கடை போட்டிருந்த ஒருத்தி திருப்பூரில் இருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு லைன் வீடு காலியாக இருந்தது. ஒரே அறை, முன்னால் அடுப்படி. தற்காலிகத்துக்குப் போதும் என்று இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வரும்போது பவளத்திடம் சொன்னேன், "பொறுத்துக்க. மூணே மாசம். அப்புறம் சொந்த வீட்டுக்குப் போயிரலாம்."

எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய் தம்பி அங்கே. எட்டுக் குடும்பத்துக்கு இரண்டே கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த வண்டியில் ஒன்றும் குறை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். கூரை இரட்டைத் தகரம். வாசல் ஆறடி ஓரங்குலம். பின்னால் வினோவுக்குத் தனி அறை, கதவோடு. ஆணிக்குப் பதிலாகச் சுவர் நெடுக நானே கொக்கி வைத்துக் கொடுத்திருக்கிறேன், பவளம் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். வினோ அறைக்கு ஜன்னல் இடது பக்கம் வேண்டும். போகும்போது அந்தப் பக்கம்தான் வயல் தெரியும், எதிர் லாரி முகத்தில் அடிக்காது. முதலில் வைத்த ஜன்னல் ஓர் அங்குலம் ஏறிவிட்டது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வர வேண்டும் இல்லையா? பிரிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை சட்டம் கோணல். அதையும் பிரிக்கச் சொன்னேன்.

ஷாகுல் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க இதுல குடி போறதுக்குள்ள உங்க பொண்ணுக்கு அறுவதாங் கல்யாணம் வந்துரும்."

"மொதக் கல்யாணத்துக்குத்தான் மேஸ்திரி இவ்வளவு பாடும்."

மூன்று மாதம் ஐந்தானது. ஐந்து ஏழானது. நான் பட்டறையிலேயே படுத்துக்கொண்டேன். பவளம் அவ்வப்போது போன் செய்வாள். பிள்ளை பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் என்றாள். மூன்று மாதத்துக்கு எதற்கு வேலை என்று கேட்டேன். சும்மாதானே இருக்கிறாள் என்றாள். பிறகு ஒருநாள், சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றாள்.

"அது எதுக்கு? ஓடும்போது ஆடுமே. கண்ணாடி ஒடஞ்சிரும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "இங்க ஆடலீங்க" என்றாள்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள் போன் செய்து, "ஞாயித்துக்கெழம எப்படியாச்சும் வந்துட்டுப் போயிருங்க" என்றாள்.

"என்ன விசேசம்?"

"வினோவப் பாக்க வராங்க. அவ கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. செந்தட்டின்னு பேரு. அடுத்த லைன்தான் வீடு. அவங்கம்மா நம்ம கொழாய்லதான் தண்ணி புடிக்கும். நல்ல மாதிரி."

"ஏன் அவசரப்படுற? அடுத்த மாசம் வண்டி வந்துரும். வண்டிக்கே வரச் சொல்லு. வாசல் ஆறடிக்கு மேல. யாரும் குனிய வேணாம்."

"அவங்க ஒன்னும் குனியலீங்க. அவங்க வாசல் படியிலயே உக்காந்து பேசுறவங்க."

"ஞாயித்துக்கெழம வார்னிஷ் அடிக்கிறாங்க பவளம். ஈரத்துல தூசி ஒக்காந்துச்சுன்னா போச்சு. ஆளு நின்னு பாத்துக்கணும்."

"சரி. காஞ்சதும் வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து காவல் காத்தேன். யாரையும் உள்ளே விடவில்லை. பக்கத்தில் பெருக்க வந்த பெண்ணைக்கூட நாளைக்குப் பெருக்கலாம் என்று அனுப்பிவிட்டேன். வார்னிஷ் கண்ணாடி மாதிரி வந்தது. மதியம் பவளம் போன் செய்தாள்.

"பூ வச்சுட்டுப் போயிட்டாங்க."

"அப்படியா" என்றேன். "வார்னிஷும் நல்லா வந்திருக்கு."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வார்னிஷ் வாடை.

வண்டி முடிந்ததும் நேரே திருப்பூருக்கு ஓட்டினேன். அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. மெயின் ரோட்டில் எண்ணெய்க் கடை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்தேன். பவளம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெளியிலிருந்து ஒரு சுற்று வந்தாள். ஏறினாள். குனிந்துதான் ஏறினாள், பழக்கம். "நிமிந்து வா, நிமிந்து வா" என்றேன். குழாயைத் திறந்து காட்டினேன். கக்கூஸ் கதவைத் திறந்து காட்டினேன். கொக்கிகளைக் காட்டினேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இது எத்தன வருசம் வரும்?"

"ஒழுங்கா வச்சுக்கிட்டா இருவது வருசம். கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனாக்கூட பதினஞ்சு வருசம்."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள் தம்பி. கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம் அந்தத் தகரத்துக்குள் குனிந்து வாழ்ந்தவள் இல்லையா. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இத்தனை மாதம் பட்ட பாடு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வினோ கம்பெனியிலிருந்து நேரே வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அறையைத் திறந்துவிட்டேன். உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். ஜன்னல் சரியாகக் கண்ணுக்கு நேராக வந்தது. அதற்கு வெளியே எண்ணெய்க் கடை டின்கள்தான் தெரிந்தன, நின்றுகொண்டிருந்ததால்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். ஜன்னல் சட்டத்தை ஒரு தடவை தடவினாள். "எனக்குன்னு இவ்வளவு செஞ்சிருக்கீங்க." பிறகு, "இங்க எவ்வளவு நேரம் நிறுத்தலாம்பா?" என்றாள்.

"எண்ணெய்க் கடைக்காரரு விடியக்காலம் வரைக்கும் பரவால்லன்னாரு. அதுக்கப்புறம் போலீஸ் எடுக்கச் சொல்லும்."

"ம்" என்றாள். அவள் அம்மா மாதிரியே.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுங்கள் என்று இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். புது வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? எட்டிப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். வாசல் படியில் நின்று பார்த்தேன். சுவர் முழுக்க ஆணி. கடிகாரத்துக்கு ஓர் ஆணி, காலண்டருக்கு ஓர் ஆணி, சாமி படத்துக்கு, சல்லடைக்கு, வினோ பைக்கு, ஒன்றுமே மாட்டாமல் சும்மா இரண்டு ஆணி. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவரு எதுக்குச் சொல்றாரு? செவுருதான" என்றாள் பவளம். சாப்பாட்டைத் தூக்கில் வைத்து வண்டிக்கே கொண்டுவந்தாள். நான் சாப்பிடுகிறவரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டதும் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் குழாய்க்கு வரிசை போட வேண்டும் இல்லையா, அதனால்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செந்தட்டி தங்கமான பிள்ளை. என்னை மாமா மாமா என்று நாற்காலி தேடிப் போடுவார். மண்டபத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருந்தேன். வினோ அறையில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்தேன், பெண்ணை அங்கேயே ஜோடிக்கலாம் என்று. மண்டபத்திலேயே அதற்கு அறை இருந்தது. கல்யாணம் முடிந்து வினோ அடுத்த லைனுக்குப் போனாள். அம்மா வீட்டுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை செருப்பைக்கூடப் போடாமல் நடந்து வந்தாராம். நான் அப்போது மணப்பாறையில் இருந்தேன். அந்த வருஷம் கரூரில் மழை.

இல்லை, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் சீசனுக்குக் கிளம்பினேன். முதல் நாளே டீசல் போட்டு, தண்ணீர் நிரப்பி, கடைச் சாமான்களை ஏற்றி வைத்தேன். விடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு பவளத்துக்காகக் காத்திருந்தேன். சந்திலிருந்து ஒரு பையோடு வந்தாள். பெரிய பை. ஒரே பையா, மற்றதெல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். படியில் வைத்துவிட்டு இறங்கி நின்றாள். திறந்து பார்த்தேன். என்னுடைய சட்டைகள், துவைத்து மடித்தது. என் மாத்திரை. ஒரு டப்பாவில் எலுமிச்சங்காய் ஊறுகாய்.

"நீ?" என்றேன்.

"நான் இங்கயே இருக்கேங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

கதவில் புதுசாக எழுதியிருந்த எங்கள் கடைப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"பலூன் ஊதுறதுக்குப் பம்பு ஒன்னு வாங்கிக்கங்க. வாயால ஊதாதீங்க. உங்களுக்கு மூச்சு வாங்கும்."

பின்னால் ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்தான். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன். எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய்க் கடை வளைவு திரும்புகிறவரைக்கும் நின்றாள்.

பம்பு வாங்கிவிட்டேன். காலால் மிதிக்கிற பம்பு. பரவாயில்லை, நன்றாக உழைக்கிறது. ஒரு கையால் பலூனைப் பிடித்துக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டு, இன்னொரு கையால் துப்பாக்கி கொடுக்கலாம். வரிசையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. சாப்பிடப் போனால் கடையை மூடிவிட்டுப் போகிறேன். வினோ அறையை அப்படியே பூட்டி வைத்திருக்கிறேன், வாரம் ஒரு தடவை திறந்து துடைப்பேன். ஓடும்போது இடது பக்கம் வயல் வந்தால் எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வரும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது, இருந்தாலும் வேகத்தைக் குறைப்பேன்.

கொஞ்சம் முந்தி மாற்றியிருக்க வேண்டும் தம்பி. அதுதான் நான் விட்ட இடம். கணக்கில் அது ஒன்றுதான் தப்பு. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் முந்தி இந்த வண்டி வந்திருந்தால், அந்த ஒட்டன்சத்திரத்து அம்மாவுக்கு நெற்றி இடித்திருக்காது. நாங்கள் மூன்று பேரும் இப்போது ஒன்றாக இருந்திருப்போம்.

என்ன? என்ன கேட்டீர்கள்?

நானே திருப்பூருக்குப் போய் அவளோடு இருந்துவிடலாமே என்றா? அதை அவளும் கேட்டாள். போன வாரம்கூடப் போனில் கேட்டாள். செந்தட்டியும் கேட்டார், மாமா, இங்கேயே ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை பார்த்துத் தருகிறேன் என்று. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தச் சந்தை நான் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டேன். முனையில் ஒரு கரண்டுக் கம்பம் நிற்கிறது, வண்டி திரும்பாது. எண்ணெய்க் கடைக்காரர் ஒரு ராத்திரிக்கு மேல் விட மாட்டேன் என்கிறார். கம்பெனி மைதானத்தில் கேட்டால் லோடு வண்டி வரும் என்கிறார்கள். நீங்களும் வண்டி வைத்திருக்கிறவர். நீங்களே சொல்லுங்கள் தம்பி, இதைக் கொண்டுபோய் நான் எங்கே நிறுத்துவது?